மண்வெட்டியோடு வந்த சதுரங்கக் குழு

அன்பும் அறிவும் நிறைந்த (அறிவு கொஞ்சம் கூடுதலாகவே நிறைந்துவிட்ட) என் மருமகனுக்கு,

அத்தை ஆசியுடன் எழுதுவது. இங்கே நானும் உன் மாமாவும் சுகம். மாமாவுக்கு இடுப்பு மட்டும் பிடித்திருக்கிறது. காரணம் கீழே வருகிறது. நீயும் சுகமாக இருக்க வேண்டும், இதைப் படித்து முடிக்கும்வரையாவது.

எங்கள் தெருக்கோடியில் குப்பையும் முள்ளுமாகக் கிடந்த காலிமனை உனக்குத் தெரியும். ஞாயிறு மாலைக்குள் அதைச் சுத்தம் செய்து சமப்படுத்தினால் பிள்ளைகளுக்கு விளையாட்டுத் திடல், இல்லையென்றால் வண்டி நிறுத்துமிடம் என்று நகராட்சி அதிகாரி கறாராகச் சொல்லிவிட்டார். பந்தைத் துரத்திக்கொண்டு வண்டிகளுக்கு நடுவே ஓடும் பிள்ளைகளைப் பார்த்து எனக்குத் தினமும் நெஞ்சு பதறும். அதனால்தான், ஊரிலுள்ள தொண்டுக் குழுக்களெல்லாம் தங்கள் திட்டங்களைப் போட்டுவைக்கும் உன் இணையதளத்தில் நானும் ஒரு திட்டம் போட்டேன். பெயர் கொடுத்தவர்கள் மூவர்: நான், மருந்துக்கடைக்காரர், உன் மாமா. மாமாவின் பெயரைக் கொடுத்ததும் நான்தான்.

குறிப்பைக் கொஞ்சம் உருக்கமாக மாற்றினால் ஆள் சேருமே என்று பார்த்தால், உன் தளத்தில் திருத்தும் பொத்தான் வேலை செய்யவில்லை. உன்னைக் கூப்பிட்டேன். "அதைச் சரி பண்ண நாளாகும் அத்தை. நீங்க ஏபிஐ வழியா அனுப்புங்க. பக்கத்தைத் திறக்காமலே தளத்துக்கிட்ட நேராப் பேசற வழி அது. ரொம்ப சுலபம்" என்று சொல்லி, சாவி என்று நீளமான ஓர் எழுத்துக்கோவையையும், நிரப்பி அனுப்ப ஒரு மாதிரியையும் கொடுத்தாய். நாள், இடம், குறிப்பு எல்லாம் நிரப்பினேன். "மண்வெட்டி அவசியம், தொப்பி நல்லது" என்றும் சேர்த்தேன். திட்ட எண் மட்டும் ஞாபகம் வரவில்லை. நான் வேலை பார்த்த காப்பீட்டு அலுவலகத்தில் தெரியாததைக் காலியாக விடுவதுதான் மரியாதை. அடுத்த மேஜைக்காரர் நிரப்பிக்கொள்வார். அப்படியே விட்டு அனுப்பினேன். உன் கணினிக்கு அடுத்த மேஜையே கிடையாது, எண் இல்லாவிட்டால் ஊரிலுள்ள அத்தனை திட்டத்துக்கும் என் நாளையும் இடத்தையும் மண்வெட்டியையும் போட்டு, பெயர் கொடுத்தவர்களுக்கெல்லாம் செய்தியும் அனுப்பிவிடும் என்று ஒரு வார்த்தை சொன்னாயா நீ? "முப்பத்தெட்டு திட்டங்கள் வெற்றிகரமாகப் புதுப்பிக்கப்பட்டன" என்று பதில் வந்தது. முப்பத்தெட்டு தடவை சரிபார்த்திருக்கிறது போலும், பொறுப்பான கணினி என்று உச்சி குளிர்ந்துபோனேன்.

ஞாயிறு காலை வாசலைத் திறந்தால் தெரு முழுக்க மண்வெட்டி. எனக்குத் தலைகால் புரியவில்லை. முதலில் வந்தவர் சொன்னார்: "ரத்தம் குடுக்க மண்வெட்டி எதுக்குன்னு வீட்ல கேட்டாங்க. டாக்டருக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போகுதுன்னு எடுத்துட்டு வந்துட்டேன்." பின்னாலேயே சதுரங்கக் குழு, தொப்பியும் மண்வெட்டியுமாக. "புது விதி ஏதோ வந்திருக்குன்னு நினைச்சோம்மா" என்றார் அவர்களில் மூத்தவர். சேர்ந்து பாடுகிறவர்கள் வந்தார்கள், நாய் வளர்ப்போர் நாயோடு வந்தார்கள். அந்த முப்பத்தெட்டு என்னவென்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாமா என்னைப் பார்த்த பார்வையில் நான் சாம்பலாகாமல் நின்றதே பெரிது. "என்னடி பண்ணித் தொலைச்ச?" என்றார். உண்மையைச் சொன்னேன், எல்லாரிடமும். பிறகு சதுரங்கப் பெரியவர் சட்டைக் கையை மடித்துவிட்டு, "வந்தது வந்தாச்சு, முள்ளு எந்தப் பக்கம்?" என்றார்.

அவ்வளவுதான். பாடகர்கள் பாடப்பாட மண் சமமானது. நாய்களும் குழி தோண்டின. தேவைப்படாத இடத்தில்தான், ஆனாலும் மனசு பெரிது. மாமா வீம்புக்கு ஒரு பாறையைப் புரட்டினார், இடுப்பு போனது. ரத்ததான முகாம் என்று நம்பி வந்திருந்த டாக்டர் பக்கத்திலேயே இருந்தது நம் நல்ல நேரம். மாலையில் வண்டி நிறுத்துமிடப் பலகையோடு வந்த அதிகாரி திருதிருவென்று விழித்தார். "இத்தனை பேரை எப்படிம்மா திரட்டினீங்க?" என்றார். "தப்பாத்தான் சார்" என்றேன். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுவிட்டுப் பலகையைத் திருப்பி எடுத்துப் போனார். பிள்ளைகள் கத்திக்கொண்டு உள்ளே ஓடினார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. இவ்வளவு சந்தோஷமாக நான் அழுததே இல்லை.

ஆனாலும் செய்தது தப்பு தப்புதான். மற்றவர்களின் திட்டங்களை எல்லாம் உடனே பழையபடி ஆக்கிவிடு. சாவியை ரத்து செய்துவிடு. இனி அந்த ஏபிஐ பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டேன், இது சத்தியம். உன் அம்மா அப்பாவைக் கேட்டதாகச் சொல். நீ எழுதும் எதிலும் பிழை வராமல் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
உன் அத்தை

பி.கு.: மேலே கேட்ட எதையும் செய்யாதே. இப்போதுதான் எல்லாக் குழுக்காரர்களும் கூட்டமாக வந்துவிட்டுப் போனார்கள். சண்டைக்கு வந்திருக்கிறார்கள் என்று பயந்து மாமா கதவுக்குப் பின்னால் நின்றார். பாட்டுக்குழுத் தலைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க கூடத்துக்கு வெள்ளையடிச்சு வருஷக்கணக்காச்சு. எங்களுக்கும் இதே மாதிரி ஒரு தப்பு பண்ணிக் குடுங்கம்மா" என்றாள். மனசு கேட்கவில்லை, திட்ட எண்ணைக் காலியாகவே விட்டு மறுபடியும் அனுப்பிவிட்டேன். வரும் ஞாயிறு நீயும் ஒரு பிரஷ்ஷோடு வந்து சேர்.