தரிசில் விளைந்த தர்பூசணி

மண்ணைப் பார்த்து விதைப்பவர்கள் இருக்கிறார்கள். வானத்தைப் பார்த்து விதைப்பவர்களும் இருக்கிறார்கள். வேளாண்மை அலுவலகத்து அறிவிப்புப் பலகையைப் பார்த்து விதைக்கிற இனம் ஒன்று உண்டு, கவனித்திருக்கிறீர்களா? நம் ஆளுக்கு ஊர் வைத்த பெயரே மானியக்காரர்.

சூரியகாந்திக்கு மானியம் என்றால் சூரியகாந்தி விதைப்பார். அது பூப்பதற்குள் சோளத்துக்கு மானியம் என்று காதில் விழுந்தால் பாதி வளர்ந்த செடியை உழுது தள்ளிவிட்டுச் சோளம் போடுவார். சோளம் கதிர் விடுவதற்குள் தேனீப் பெட்டிக்கு மானியம் என்று சேதி வரும், ஓடிப்போய் ஒரு வண்டி நிறையப் பெட்டி வாங்கி வருவார். தேனீ? தேனீக்கு மானியம் இல்லையே! அந்தப் பெட்டிகளில் அவர் மனைவி வெங்காயம் போட்டு வைத்திருக்கிறாள்.

வீட்டுக் கூரையோ ஒழுகுகிறது. கூடத்தில் எங்கு பார்த்தாலும் வாளி.

"என்னங்க, இந்த வருஷமாவது கூரையை மாத்துவோமா?"

"பொறு. ஏதாவது அறிவிப்பு வரட்டும்."

வந்தது. ஒரு பருவம் முழுக்க எதுவும் பயிரிடாமல் நிலத்தைத் தரிசாகப் போட்டால் மானியம்! மானியக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. சும்மா இருப்பதற்குக் காசா? அவர் பிறந்ததே அதற்குத்தானே!

"இந்தப் பணம் வந்ததும் கூரைதான்" என்று மனைவிக்குச் சத்தியம் செய்துவிட்டு, மைத்துனரைக் கூட்டிக்கொண்டு வயலுக்குப் போனார். வயல் நெடுக நடந்தபடி தர்பூசணி தின்று, விதையைத் துப்பித் துப்பி, அடுத்த மானியம் எதற்கு வரும் என்று மாலைதோறும் ஆராய்ந்தார்கள். மழை பிடித்ததும் ஆராய்ச்சி டீக்கடைக்கு மாறியது.

அதிகாரி பார்வையிட வருவதற்கு முதல் நாள் வயலை எட்டிப் பார்த்த இருவரும் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். விதைத்த எதையும் உருப்படியாக விளைத்துக் கொடுக்காத நிலம், துப்பியதை விளைத்திருந்தது. எங்கும் கொடி. தலையணை தலையணையாகக் காய்.

"மச்சான், வைக்கோல் போட்டு மூடிடலாமா?"

"மூடுடா, மூடு!"

மறுநாள் அதிகாரி வந்தார். வைக்கோலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். வெயில் தாங்காமல் ஒரு குவியல்மேல் உட்கார்ந்தார்.

படக்.

எழுந்தபோது கால்சட்டை பின்புறம் சிவந்திருந்தது.

"என்னய்யா இது?"

"சத்தியமா நான் விளைவிக்கல சார்! நான் எதையுமே விளைவிச்சதில்ல, ஊர்ல யாரை வேணா கேளுங்க!"

"அது உண்மைதான் சார்" என்றது வேடிக்கை பார்க்க வந்த கூட்டம். "அவருக்குப் புல்லுகூட முளைக்காது."

மானத்தை விட்டும் மானியம் நிற்கவில்லை. போயே போய்விட்டது.

மனைவி வெங்காயத்தைக் கொட்டிவிட்டு, தேனீப் பெட்டிகளில் காய்களை அடுக்கிச் சாலையோரம் உட்கார்ந்தாள். வாங்க வந்தவர்கள் வண்டியை நிறுத்த இடமில்லாமல் சண்டை போட்டார்கள். அந்தப் பணத்தில் புதுக் கூரை வந்தது. அடுத்த மழைக்கு ஒரு சொட்டு ஒழுகவில்லை. மானியக்காரர் மட்டும் எழவு வீட்டில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"இப்ப என்னங்க குறை?"

"ஒழுகுற கூரைக்கு மானியமாம்டி. இன்னிக்குத்தான் ஒட்டியிருக்கான்." சொல்லிக்கொண்டே புதுக் கூரையை அண்ணாந்து பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்தார்.

"ஏணியைத் தேடாதீங்க. அதையும் வித்துட்டேன்."

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். சிரித்து முடித்த பிறகு உங்கள் வீட்டுப் பரணைக் கொஞ்சம் பாருங்கள்: சோப்புத்தூளோடு இலவசமாக வந்ததே, எத்தனை வாளி? உங்கள் கூரையும் ஒழுகுகிறதா என்ன?