இந்த மலையில் சமதரை எங்கே அண்ணே?

பெருமாள்மலை

என் மரியாதைக்குரிய அண்ணன் ஹபீபுல்லா அவர்களுக்குத் தங்கை ரஹ்மத்துன்னிசா சலாம் சொல்லி எழுதுவது. நானும் உங்கள் மச்சானும் அல்லாஹ்வின் கிருபையால் நலம். பழனியில் நீங்களும் மதினியும் நலமாயிருக்க துஆச் செய்கிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே புகுந்து புத்தி சொல்ல ஆரம்பித்துவிடுவீர்கள் என்பதால்தான் கடிதம். குறுக்கே பேசாமல் படியுங்கள்.

எனக்குச் சர்க்கரை என்று கேள்விப்பட்டதும் கயிறு தாண்டுகிற வீடியோ ஒன்றை அனுப்பினீர்களே, அதை நம்பி மறுநாள் வெள்ளனே எழுந்து குதிக்க ஆரம்பித்தேன். நாங்கள் மாடியில் இருப்பதும், கீழ்வீட்டில் ஆக்ஸிலியா டீச்சர் குடியிருப்பதும் வீடியோக்காரனுக்குத் தெரியுமா? நான் குதிக்க, கீழே காரை உதிர, வெளியே ஐப்பசி மழை கொட்ட, நிலச்சரிவு என்று முடிவுகட்டிய டீச்சர் சர்டிபிகேட் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நைட்டியோடு ரோட்டுக்கு ஓடிவிட்டார்கள். சத்தம் கேட்டு நானும் எட்டிப் பார்த்து, "என்ன டீச்சர், மலை சரியுதா?" என்று கேட்டுக்கொண்டே பின்னால் ஓடினேன். ரோட்டில் நின்று பேசிய பிறகுதான் சரிந்தது மலையில்லை, நான்தான் என்று தெரிந்தது.

டாக்டர் சௌம்யாவிடம் போனேன். "பாதத்துல உணர்ச்சி கொறைஞ்சிருக்கும்மா, குதிக்கிறதெல்லாம் வேண்டாம். சாப்பிட்ட பிறகு, நல்ல ஷூ போட்டு, சமதரையில நடங்க" என்றார். சமதரை! எங்கள் வாசலைத் தாண்டினால் ஒன்று ஏற்றம், இல்லையென்றால் இறக்கம். வத்தலக்குண்டு ரோட்டில் இறங்கி நடந்து பார்த்தேன், சுகமாகத்தான் இருந்தது. திரும்பி ஏற மூச்சு இல்லாமல் பஸ்ஸைப் பிடித்தேன். "எங்கம்மா போயிட்டு வர்றீங்க?" என்றார் கண்டக்டர். "வாக்கிங்குப்பா" என்றேன். பஸ்ஸே சிரித்தது.

என் மேல் இரக்கப்பட்டு ஆக்ஸிலியா டீச்சர் லீவு நாளில், சுற்றிலும் சமதரைதான் என்று கொடைக்கானல் ஏரிக்கு அழைத்துப் போனார்கள். பஸ்ஸுக்கு ஓடின அவசரத்தில் மாத்திரையை விழுங்கிவிட்டு இட்லியை மறந்துவிட்டேன். ஏரியைப் பாதி சுற்றுவதற்குள் அந்தக் குளிரிலும் வேர்த்து ஊற்றியது, கை நடுங்கியது. "டீச்சர், கண்ணு இருட்டுது" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டேன். டீச்சர் போட்ட சத்தத்தில், பக்கத்தில் பஞ்சுமிட்டாய் தின்றுகொண்டிருந்த ஒரு மதுரைக்கார அம்மாள் ஓடிவந்து அதை என் வாயில் திணித்தார். இறங்கிப்போன சர்க்கரை ஏறி, கொஞ்ச நேரத்தில் தெளிந்தது. "சர்க்கரையா? எனக்கும்தான்" என்று என் காதில் சொன்னார். "இதத் தின்னேன்னு எங்க வீட்டுக்காரர்ட்ட மட்டும் சொல்லிராதீங்க."

சிரித்தேன். ஆனால் அண்ணே, அங்கே உட்கார்ந்திருந்தபோது நம்ம அம்மா ஞாபகம் வந்துவிட்டது. சர்க்கரையால் ஒரு காலை எடுத்த பிறகும், "போர்வைய இழுத்துவிடு ரஹ்மத்து, காலு குளிருது" என்பார்களே. இல்லாத காலுக்கு நானும் இழுத்து இழுத்து விடுவேன். அதை நினைத்ததும் என் பாதத்தைத் தொட்டுப் பார்க்கக்கூடப் பயமாகிவிட்டது.

ஆகவே முடிவெடுத்துவிட்டேன். இனி குதியும் இல்லை, நடையும் இல்லை. மாத்திரை உண்டு, நான் உண்டு. இதில் யாரும் தலையிட வேண்டாம்.

மதினிக்கும் பிள்ளைகளுக்கும் என் சலாம். அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளையும், தங்கையைத் திட்டாமலிருக்கப் பொறுமையையும் தரட்டும்.

இப்படிக்கு,
ரஹ்மத்துன்னிசா

பி.கு.: தபாலில் போடச் சொல்லி, கவரை ஒட்டாமல் உங்கள் மச்சானிடம் கொடுத்தது என் தப்பு. தன் கடையில் வைத்து முழுக்கப் படித்துவிட்டார்கள். அன்று மத்தியானமே கடையைச் சாத்திவிட்டு ஷூ டப்பாவோடு வந்து, "மொதல்ல சோறு சாப்புடு. பொறவு வெரசா கெளம்பு, ஏரிக்குப் போவோம்" என்றார்கள். கலியாணமான நாளிலிருந்து தெருவில் எனக்குப் பத்தடி முன்னாலேயே போகிற மனுஷர், அன்றைக்கு என் பக்கத்திலேயே நடந்தார்கள். "மெதுவா வா, நான் இங்கதான இருக்கேன்" என்று வேறு சொன்னார்கள். ஆகையால் மேலே எடுத்த முடிவை அடித்துவிட்டுப் படியுங்கள். நாளைக்கும் போகிறோம். ஆனால் ஒன்று, அண்ணே. நாலு பேர் பார்க்கிறார்களே என்ற வெட்கத்தில் நான்தான் பத்தடி முன்னால் போய்விட்டேன்.