விடுப்பு கேட்ட இருவாச்சிக்குக் கிடைத்த கைதட்டல்

ஒரு காட்டில் மழவன் என்ற இருவாச்சிக்கு ஓர் அநியாயம் நடந்தது. பெண்டாட்டி பட்டினி கிடக்கக் கூடாதே என்று அது தினம் அரைநாள் விடுப்பு கேட்டது. அலுவலகம் கைதட்டியது.

இருவாச்சி வீட்டு வழக்கம் தெரியாதவர்கள் கேளுங்கள். முட்டையிடும் காலத்தில் பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து வாசலை அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்குத்தான் இடுக்கு இருக்கும். உள்ளே இறகும் உதிர்ந்துபோகும், பறக்க முடியாது. ஆண் பறவை பழம் கொண்டுவந்தால்தான் சாப்பாடு. மழவனோ விதைப் பிரிவில் குமாஸ்தா. அலுவலகம் விட்டு அது அத்திமரத்துக்குப் போவதற்குள் பச்சைப்புறாக்கள் மரத்தை மொட்டையடித்துவிடும்.

அந்த நேரம் பார்த்துத்தான் அலுவலகம் நவீனமானது. கணினிப் பிரிவு மந்தி, ஓசியில் கிடைத்த வலைப்பூ மென்பொருள் ஒன்றை இறக்கி, அதில் இருந்த "என் சமையல் குறிப்புகள்" என்ற தலைப்பை அழித்துவிட்டு "அலுவலக உள்தளம்" என்று எழுதியது. வேலை முடிந்தது. சுற்றறிக்கை, புகார், விடுப்பு எல்லாம் இனி பதிவுதான். நேரில் போய்க் கேட்டால் மேலாளர் கரடி காது கொடுக்காது.

"ஒப்புதல் பொத்தான் எங்கே?" என்று கேட்டது மழவன்.

"வலைப்பூவில ஏதுங்க ஒப்புதல்? விருப்பம் இருக்கு, பின்னூட்டம் இருக்கு. போதாதா?" என்றது மந்தி.

மழவன் உள்ளதை உள்ளபடி எழுதியது. பொந்து, இடுக்கு, உதிர்ந்த இறகு, பசி. பின்னூட்டங்கள் கொட்டின. முதல் ஆளாக வந்துவிட்ட குஷியில் முயல், "வடை எனக்கே!" என்றது. "கண் கலங்கிவிட்டது. இரண்டாம் பாகம் எப்போது?" என்றது மயில். "கரு நன்று. முடிவில் ஒரு திருப்பம் இருந்திருக்கலாம்" என்றது நரி.

கரடியும் விருப்பம் போட்டிருந்தது. மேலாளருக்கே விருப்பம் என்றால் விடுப்பு கிடைத்த மாதிரிதானே! மழவன் அன்று மதியமே பழம் பறிக்கப் போய்விட்டது. மறுநாள் கரடி கூப்பிட்டு விட்டது.

"யாரைக் கேட்டு வெளியே போனீர்?"

"சார், நீங்கதானே விருப்பம் போட்டீங்க!"

"பதிவு பிடிச்சுது, போட்டேன். லீவு பிடிச்சுதுன்னு சொன்னேனா?"

"முள்ளம்பன்றியும் லீவு கேட்டுப் பதிவுதானே போட்டார்? அவருக்கு மட்டும் குடுத்தீங்களே?"

"அவர் எழுதினதை யாராவது பாதிக்கு மேல படிச்சாங்களா? அப்படிப்பட்டவர் இருந்தா என்ன, போனா என்ன!"

அன்று மாலை மழவனுக்குக் கிடைத்தது ஒரே ஒரு அத்திப்பழம். அதை இடுக்கில் கொடுத்துவிட்டு, "எழிலி, நம்ம பதிவுதான் இந்த வாரம் முதலிடம்" என்று சமாதானம் சொன்னது.

இடுக்கு வழியாக அலகு சட்டென்று வெளியே வந்தது. "முதலிடத்தைக் குஞ்சுக்கு ஊட்டவா? பொரிஞ்சதிலிருந்து கத்திக்கிட்டே இருக்கு. உங்க வர்ணனை எல்லாம் போதும். நான் சொல்றேன், அதை மட்டும் போடுங்க."

மழவன் அப்படியே போட்டது:

"ஐயா, எனக்குப் பசிக்கிறது. குஞ்சுக்கும் பசிக்கிறது. மதியத்துக்கு மேல் என் புருஷனை அனுப்புங்கள். இது கதை இல்லை. யாரும் கைதட்ட வேண்டாம்."

காடே கொண்டாடியது. "என்ன சிக்கனமான நடை!" என்றது நரி. "'இது கதை இல்லை' என்ற வரிதான் கதையின் உச்சம்" என்றது மயில்.

கடைசியில் கரடியின் பதில் வந்தது:

"அன்புள்ள மழவன், உங்கள் இல்லத்தரசியின் பதிவைப் படித்து நெகிழ்ந்தேன். அந்த எழுத்துக்கு உயிரே பசிதான். பசி தீர்ந்தால் எழுத்து படுத்துவிடும்; பிறகு நம் உள்தளத்தை யார் திறந்து பார்ப்பார்கள்? ஆகவே அலுவலக நலன் கருதி விடுப்பு மறுக்கப்படுகிறது. அவரைத் தொடர்ந்து எழுதச் சொல்லவும்."

நீதி: மேலிடத்தில் ஒன்றைக் கேட்டு எழுதும்போது, யாரும் பாதிக்கு மேல் படிக்க முடியாதபடி எழுதுக.