கத்தியின்றிக் குறைந்த பன்னிரண்டு கிலோ

கத்தி இல்லை, ரத்தம் இல்லை, பட்டினி இல்லை. கயிற்றைப் பிடி, கனத்தை விடு!

பழைய மரக் கிடங்கு ஒன்றின் வாசலில் இந்தப் பலகை ஏறிய நாளிலிருந்து அந்தத் தெருவில் சைக்கிள்கூட நுழைய முடியவில்லை. வந்து நின்ற உடம்புகளின் அகலம் அப்படி. உள்ளே இலகானந்தர் வீற்றிருந்தார். ஆள் ஈர்க்குச்சி. தோளில் கிடந்த துண்டுதான் அவரைக் காற்று தூக்கிக்கொண்டு போகாமல் பிடித்து வைத்திருந்தது. பிறவி ஒல்லி ஒருவர் ஒல்லியாக இருப்பதற்குக்கூட உலகம் கன்னத்தில் போட்டுக்கொள்கிறது என்றால் நாம் என்ன செய்வது?

அற்புதம் எல்லார் கண்ணெதிரிலும்தான் நடந்தது. மூட்டை நிறுக்கும் மேடைத் தராசு ஒன்று நடுக்கூடத்தில் இருந்தது. அதன் முள் ஓடுகிற வட்டம் பஸ் சக்கரம் அளவு பெரிது. கடைசி வரிசைக்கும் தெரியும். பக்தர் முதலில் கை கூப்பியபடி ஏறி நிற்பார். சீடன் எடையை உரக்கப் படிப்பான். பிறகு உத்தரத்திலிருந்து தொங்கும் பட்டுச் சுற்றிய கயிற்றைக் கையில் கொடுப்பான். அதன் பெயர் கருணைக் கயிறு.

"நம்பிக்கை எவ்வளவோ அவ்வளவு இழு!" என்பார் இலகானந்தர்.

பக்தர் இழுப்பார். முள் சரசரவென்று இறங்கும். கூட்டம் கைதட்டும். கூலிக்கு மூட்டை தூக்கும் ஒருவர் ஒரே இழுப்பில் முப்பது கிலோ இழந்தார். அவர் உடம்பில் கொழுப்பே முப்பது கிலோ இருக்காது. அதனால் என்ன? நம்பிக்கை பலமாக இருந்தது, புஜமும் பலமாக இருந்தது.

ஒரே ஒரு நிபந்தனை. கயிற்றைப் பிடித்தவர்கள் வேறு எந்தத் தராசிலும் ஏறக் கூடாது. சந்தேகப்பட்டு எடை பார்த்தால் இறங்கின பாரம் திரும்பி வந்து ஒட்டிக்கொள்ளுமாம். அடடா, எப்பேர்ப்பட்ட பாரம்! கூச்ச சுபாவம் உள்ள பாரம்!

இந்தக் கூட்டத்தில் நம்முடைய தராசு சாரும் நின்றார். முட்டாள்களைப் பற்றிய கதை என்று நினைத்துச் சிரிக்கத் தயாராகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். அவருடைய வேலை என்ன தெரியுமா? கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துகிற அரசாங்க ஆய்வாளர். தட்டுக்கு அடியில் ஒட்டிய காந்தம், படிக்கல்லின் வயிற்றில் தோண்டிய குழி, நிறுக்கும்போது தட்டோரம் படிகிற கட்டைவிரல், எதுவும் அவரிடம் தப்பாது. சந்தைக்குள் அவர் காலடி வைத்தால் கறிக்கடைக்காரர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். அவருக்குப் பின்னால் மட்டும் எல்லாரும் அவரை "லாரி" என்பார்கள். அது அவருக்கும் தெரியும். "லாரின்னா பரவாயில்ல, லோடோட லாரிங்கிறானுங்க" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

நூற்று நாற்பது கிலோ. சர்க்கரை வந்தாயிற்று. முழங்கால் போயாயிற்று. எல்லாவற்றையும்விட மோசம், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தது. டாக்டரம்மா சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"நாலு வருஷமா சாப்பாட்ட குறைச்சீங்க, நடந்தீங்க, மருந்தும் பார்த்தாச்சு. குறையுது, மறுபடி ஏறுது. இது உங்க தப்பு இல்ல சார், இது ஒரு வியாதி. இரைப்பைய சின்னதாக்குற ஆபரேஷன் உங்களுக்குப் பொருந்தும்னு நினைக்கிறேன். ஆனா அது மந்திரம் இல்ல. வீட்ல பேசுங்க, கேக்க வேண்டியத கேளுங்க, அப்புறம் முடிவு பண்ணுங்க."

தராசு சார் ஒன்றும் கேட்கவில்லை. "யோசிச்சுச் சொல்றேன்" என்று எழுந்து வந்தவர், யோசிப்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்தார். கத்தி என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்கு உள்ளங்கால் வியர்த்தது. அதோடு வெட்கம் வேறு. வாயைக் கட்டத் தெரியாதவன் வயிற்றை வெட்டிக்கொண்டான் என்று சந்தை சிரிக்குமே! அப்போதுதான் அந்தப் பலகை கண்ணில் பட்டது. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்ததாக அவர் நினைத்துக்கொண்டார்.

ஆனாலும் ஆய்வாளர் அல்லவா? கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடவில்லை. இலகானந்தரே அழைத்தார், "சோதிச்சுப் பாருங்க மகனே."

சோதித்தார் ஐயா, சோதித்தார்! ஆபீஸ் இரும்புக் கற்களைக் கொண்டுவந்து மேடையின் நான்கு மூலையிலும் வைத்துப் பார்த்தார். முட்டி போட்டு, மூச்சு வாங்க, மேடைக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். தரையைத் தட்டிப் பார்த்தார். காந்தம் இல்லை, கம்பி இல்லை, அடியில் ஒளிந்திருக்கும் ஆளும் இல்லை. தராசு சுத்தமாக இருந்தது. கீழே அத்தனையும் குனிந்து பார்த்தவர் மேலே பார்க்கவில்லை. குனிவது அவருக்கு அவ்வளவு பெரிய சாதனை. குனிந்த பெருமையில் நிமிர மறந்துவிட்டார்.

முத்திரை குத்தினார். அதன் பிறகு தானே ஏறி நின்று கயிற்றைப் பிடித்தார். பன்னிரண்டு கிலோ இறங்கியது! கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது மனிதருக்கு. மறுநாளே பலகையில் ஒரு வரி கூடியது: அரசாங்க ஆய்வாளர் சோதித்து முத்திரையிட்ட தராசு.

வீட்டில் அவர் மனைவி ஆரம்பப் பள்ளி வாத்தியாரம்மா. முப்பது பிள்ளைகளின் பொய்யைத் தினமும் முகத்தைப் பார்த்தே பிடிக்கிறவள். அவளிடம் போய்ப் பன்னிரண்டு கிலோ என்றார்.

"பேண்ட்டு ஏங்க இறங்கல?" என்றாள்.

"பாரம்தான் குறைஞ்சிருக்கு. சுற்றளவு பின்னாடி குறையும்."

"இதை யார் சொன்னது?"

"அவருதான்."

"சரி, நம்ம வீட்டு மிஷின்ல ஏறுங்க."

"ஏறக் கூடாது. திரும்பி வந்துடும்."

இதைத் தன் வாயாலேயே சொன்னார், ஊரில் உள்ள தராசையெல்லாம் மறுபடி மறுபடி சோதித்துப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவர். சொன்னதோடு நிற்காமல் வீட்டு எடை மிஷினைப் பரண்மேல் தூக்கிப் போட்டுவிட்டு வந்தார். வாரா வாரம் கயிற்றுக்குப் போனார். ஏறினதும் முள் பழையபடி நூற்று நாற்பதைக் காட்டினால், நடுவில் சந்தேகப்பட்டிருப்பார் என்றான் சீடன்; அவரும் நம்பி மறுபடி இழுத்தார். டாக்டரம்மா ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தால் குளியலறைக்குள் நுழைந்துகொண்டார்.

ஒரு நாள் சாப்பிடும்போது தம்ளரைப் பிடிக்க முடியாமல் கீழே வைத்தார். வாத்தியாரம்மா அவர் கையைத் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம்.

"எடை குறையுறது உடம்புல. கை ஏங்க கொப்புளிக்குது?"

"பக்தியோட இழுத்தேன்."

"பக்திக்கு ஏன் இவ்வளவு பலம் தேவைப்படுது?" என்றவள் குரல் சட்டென்று உடைந்தது. "உங்களுக்கு வேடிக்கையா இருக்கு. நீங்க தூங்கிடுறீங்க. உங்க மூச்சு நிக்கிறப்பல்லாம் நான் எழுந்து உக்காந்து உங்க தோள உலுக்குறேன். ஒரு நாள் நானும் அசந்து தூங்கிட்டா என்னங்க பண்றது?"

ஆனாலும் அந்த வாரமும் கயிற்றுக்குப் போனார். கூடவே அவளும் வந்தாள், "நானும் பார்க்கிறேன் உங்க அற்புதத்த" என்று.

வரிசையில் அவருக்கு முன்னால் ரொட்டிக் கடைக்காரர் நின்றார். சந்தை மூலையில் கடை. உடம்பு இவரைப் போலவே, சர்க்கரையும் இவரைப் போலவே. முகம் வெளுத்து, உதடு காய்ந்து, தண்ணீர் பாட்டிலை வாயிலிருந்து எடுக்காமல் நின்றார்.

"என்னய்யா, உடம்புக்கு என்ன?" என்றார் தராசு சார்.

"ஒண்ணுமில்ல சார். மாத்திரைய நிறுத்திட்டேன்ல, உடம்பு பழகுது போல."

"யாரு நிறுத்தச் சொன்னா?"

"சாமிதான். முதல்ல யோசிச்சேன். அப்புறம் பார்த்தா, தராசு சார் முத்திரை! என் கடையில அம்பது கிராம் குறைஞ்சாலே விட மாட்டீங்க. நீங்களே குத்தியிருக்கீங்கன்னா வேற என்ன வேணும்?"

தான் ஏமாந்தது தன் வயிற்றோடு போகும் என்று தராசு சார் நினைத்திருந்தார். தன் முத்திரையை நம்பி இன்னொருத்தன் சாகக் கிடப்பான் என்று நினைக்கவில்லை. கொப்புளித்த கையைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார். கயிறு போய்ச் சேர்ந்த உத்தரத்தைப் பார்த்தார். வாழ்க்கையில் முதன்முறையாக மேலே பார்த்தார்!

"ஐயோ" என்றார். "கட்டைவிரல்!"

"என்னது?" என்றாள் வாத்தியாரம்மா.

"கறிக்கடைக்காரன் தட்டை விரலால அழுத்துவான், எடை ஏறும். இங்க என்னையே விட்டு என்னை மேல தூக்கச் சொல்றான், எடை இறங்குது. நூத்தி நாப்பது கிலோ கட்டைவிரல் நான்தாம்மா!"

வெளியே போய் ஜீப்பிலிருந்து கொக்கித் தராசை எடுத்துவந்தார். பழைய இரும்புக் கடையில் கட்டுகளைத் தொங்கவிட்டு நிறுப்பார்களே, அது. நேரே இலகானந்தர் முன் போய் நின்றார்.

"முத்திரைய புதுப்பிக்கணும். கயிறும் தராசோட சேர்ந்ததுதானே? அதையும் சோதிக்கணும்."

இலகானந்தர் கண்களை மூடிக்கொண்டார். கேள்வி வந்தால் அவர் அப்படித்தான். சீடன் முன்னால் வந்தான். "கருணைய சோதிக்கக் கூடாது சார்."

"அப்ப முத்திரைய ரத்து பண்றேன். பலகைய இறக்குங்க."

கூட்டம் முணுமுணுத்தது. சீடன் விலகினான். ஏணி வந்தது. அது தராசு சாரைத் தாங்குகிற ஏணி அல்ல. அதை அவரே முதலில் ஒப்புக்கொண்டார். வாத்தியாரம்மா ஏறிக் கயிற்றை அவிழ்த்தாள், உத்தரத்தில் கொக்கித் தராசை மாட்டினாள், அதன் அடியில் கயிற்றைக் கட்டினாள், முள்ளைப் பூஜ்யத்துக்குத் திருகி வைத்தாள். தராசு சார் மேடையேறிக் கை கூப்பினார்.

"கீழ எவ்வளவு?" என்று ஏணி மேலிருந்தே கேட்டாள். கேட்டது வகுப்பறைக் குரல். கூட்டம் தன்னையறியாமல் நிமிர்ந்து நின்றது.

"நூத்தி நாப்பது!" என்றது கூட்டம்.

"மேல பூஜ்யம். இப்ப இழுங்க."

இழுத்தார்.

"கீழ?"

"நூத்தி இருபத்தெட்டு!"

"மேல பன்னெண்டு. ரெண்டையும் கூட்டுங்க."

கூட்டம் கூட்டியது. சிலர் விரலை மடக்கிக் கூட்டினார்கள். "நூத்தி... நாப்பது" என்று ஆளுக்கொரு பக்கம் குரல் இறங்கிப்போய் ஒலித்தது.

சீடன் கெட்டிக்காரன். "பார்த்தீங்களா!" என்று கூவினான். "பாரம் கயிறு வழியா வானத்துக்கு ஏறுது! அதைத்தான் மேல் தராசு காட்டுது!"

நாலு பேர் கைதட்டியும்விட்டார்கள். நம் ஜனங்களுக்குக் கையும் மூளையும் வேறு வேறு ஊரில் இருக்கின்றன.

"கைய விடுங்க" என்றாள் வாத்தியாரம்மா.

விட்டார். கீழே முள் துள்ளி நூற்று நாற்பதில் நின்றது.

"வானத்துக்குப் போன பாரம் ஏன் தம்பி உடனே திரும்பிடுச்சு? அங்க இடம் இல்லையாமா?"

இந்த முறை கூட்டம் சிரித்தது. முப்பது கிலோ இழந்த மூட்டைக்காரர் தன் கையை மடக்கி நீட்டிப் பார்த்து, "அப்ப இது என் பலமா?" என்று கேட்டார். பாவம், அவருக்கு வருத்தமா பெருமையா என்று தெரியவில்லை. இலகானந்தர் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. மூடிய கண்ணோடேயே பின்கதவை வெகு சரியாகக் கண்டுபிடித்தார்.

தராசு சார் மேடையை விட்டு இறங்கவில்லை. "எல்லாரும் கேளுங்க. அவன் ஏமாத்தினான். முத்திரை குத்தினது நான். அவன் ஒல்லித் திருடன், நான் குண்டு முட்டாள். அந்த முத்திரைய நம்பி மாத்திரைய நிறுத்தினவங்க இப்பவே என்கூட ஜீப்புல ஏறுங்க, ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்றார். ரொட்டிக் கடைக்காரரைக் கைத்தாங்கலாக இரண்டு பேர் ஏற்றினார்கள். சர்க்கரை எகிறிக் கிடந்தது. இன்னும் இரண்டு நாள் கயிற்றைப் பிடித்திருந்தால் ஆள் நிஜமாகவே பாரமில்லாமல் போயிருப்பார் என்றார்கள் ஆஸ்பத்திரியில்.

அவரைப் படுக்கையில் சேர்த்துவிட்டு, அதே கட்டிடத்தில் டாக்டரம்மா அறைக்குள் நுழைந்தார் தராசு சார். பின்னால் வாத்தியாரம்மா.

"போன் எடுக்கவே மாட்டேங்கிறீங்க?" என்றார் டாக்டரம்மா.

"ஒரு கயித்துல தொங்கிக்கிட்டு இருந்தேம்மா. இப்பக் கேக்கலாமா?"

கேட்டார். எங்கே வெட்டுவீர்கள், எதைத் தைப்பீர்கள், உயிருக்கு ஆபத்து உண்டா, எத்தனை பேருக்குச் சரியாகப் போகவில்லை, பிறகு எதைச் சாப்பிடலாம், எடை திரும்ப ஏறுமா, வேண்டாம் என்றால் என்ன ஆகும்? டாக்டரம்மா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். ஆபத்து உண்டு, குறைவு, ஆனால் உண்டு என்றார். ஆயுளுக்கும் சத்து மாத்திரை என்றார். கவனிக்காவிட்டால் எடை ஏறும் என்றார். இரண்டு கேள்விகளுக்கு, "அது எனக்குத் தெரியாது, பரிசோதனை பண்ணித்தான் சொல்ல முடியும்" என்றார். தெரியாது என்ற சொல்லைக் கேட்டதும் தராசு சாருக்கு என்னவோ தெம்பு வந்தது. கிடங்கில் அந்தச் சொல்லை யாரும் சொன்னதே இல்லை.

"பயமாத்தான் இருக்கு," என்றார் மனைவியிடம். "இருந்தாலும் பண்ணிக்கிறேன். சந்தையில சிரிச்சா சிரிக்கட்டும். முதல் ஆளா நானே சிரிச்சுட்டேன்."

வாத்தியாரம்மா அவருடைய கொப்புளித்த கையைப் பிடித்துக்கொண்டாள்.

கிடங்கு வாசலில் பலகையை இறக்கியாயிற்று. ஆனால் அடுத்த ஊரில் ஒருவர் மூச்சை ஊதியே மூட்டு வலியைப் போக்குகிறாராம். கூட்டம் இப்போதே அங்கே நகர்ந்துகொண்டிருக்கிறதாம். போகிறவர்கள் போங்கள் ஐயா. போகும்போது ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு போங்கள். கேள்வி கேட்டால் பதில் சொல்கிறவரிடம் வயிற்றையே அறுக்கக் கொடுக்கலாம். கேள்வி கேட்டதும் கண்ணை மூடிக்கொள்கிறவர் வாசலில் கழற்றின செருப்பைக்கூட விட்டுவிட்டு உள்ளே போகாதீர்கள்.