போர்மேன் அண்ணாச்சி வீட்டு உருளைக்கிழங்கு

உலகத்திலேயே உருளைக்கிழங்கைப் பார்த்துப் பயந்த ஒரே மனிதர் எங்கள் போர்மேன் அண்ணாச்சிதான். பயந்து பயந்தே அதை வளர்த்தார். அதுவும் எங்கே? திருத்தங்கல்லில், செருப்பில்லாமல் நடந்தால் கால் வெந்துபோகிற கரிசல் மண்ணில். ஊட்டிக்காரன் கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பான். எனக்குச் சிரிப்பு வரவில்லை, வயிறு எரிந்தது. இதை எழுதும்போதும் லேசாக எரிந்துகொண்டுதான் இருக்கிறது.

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு ஆபீஸில் அவர் போர்மேன். எங்கள் பக்கம் பட்டாசு செய்கிற இடத்தை யாரும் பேக்டரி என்று சொல்வதில்லை, ஆபீஸ்தான். வெடிமருந்து அறைக்குள் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது, செருப்பு கூடாது, இரும்புச் சாமான் கூடாது, எதையும் தரையில் இழுக்கக் கூடாது என்று காலமெல்லாம் கத்திக் கத்தி, அந்த விதியெல்லாம் அவர் ரத்தத்தில் ஊறிவிட்டது. வீட்டில் அவர் சம்சாரம் குழம்புச் சட்டியைக் கொஞ்சம் நகர்த்தினால்கூட, "தூக்கி வையி! இழுக்காத, தூக்கி வையி!" என்று வாசலிலிருந்து சத்தம் வரும்.

அவர் கிழங்கு போடுகிற வரைக்கும் எங்கள் தெருவில் தோட்டக்காரன் என்றால் நான்தான். காலண்டர் அச்சடிக்கிற பிரஸ்ஸில் எனக்குப் பிழை திருத்துகிற வேலை. வீட்டுக்குப் பின்னால் கத்திரி, மிளகாய், பந்தலில் அவரை. என் கத்திரிக்காயைப் புகழாத பெண்கள் தெருவில் கிடையாது. அந்தப் புகழைக் கேட்டுக்கொண்டு நிம்மதியாக இருந்தேன். அது பொறுக்கவில்லை விதிக்கு.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஏதோ ஒரு வருடம். தீபாவளி முடிந்து ஆபீஸ்களுக்கெல்லாம் லீவு விட்டிருந்தார்கள். சும்மா இருக்கத் தெரியாத அண்ணாச்சி கண்ணில், அடுப்படிக் கூடையில் முளைவிட்டுக் கிடந்த உருளைக்கிழங்கு பட்டுவிட்டது. சம்சாரம் குப்பையில் போடப் போனதைத் தடுத்து வாங்கி, ஆனைக்குட்டம் பக்கமிருந்து வண்டல் மண் கொண்டுவந்து கரிசலோடு கலந்து, கொல்லையில் பாத்தி கட்டிவிட்டார். கிழங்கை வெட்டக் கத்தி எடுக்கவில்லை. மூங்கில் பத்தையைச் சீவி, அதால் அறுத்து, சாம்பலில் புரட்டி நட்டார்.

அதோடு விட்டாரா? பாத்திக்குப் பக்கத்தில் சிவப்புப் பெயிண்ட் அடித்த வாளி நிறைய மணல். ஒரு டிரம்மில் தண்ணீர். கொல்லைக் கதவில், 'நால்வருக்கு மேல் நுழையக் கூடாது' என்று போர்டு. மருந்து அறைக்குள் நுழைவதுபோலவே, செருப்பை வெளியே விட்டு, குனிந்து தரையைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கோயிலுக்குக்கூட இத்தனை பயபக்தியோடு நான் போனதில்லை.

"ஏன் அண்ணாச்சி, கெழங்கு வெடிச்சிருமா?" என்று கேட்டேன்.

"வெடிக்காதுன்னு யாரும் எழுதிக் குடுத்திருக்காகளா தம்பி? கவனமா இருக்கிறதுல என்ன நட்டம்?"

ஆபீஸ் திறந்த பிறகு இன்னும் கூத்து. பகலில், காயப் போட்ட சரக்குக்காக வெயில் அடிக்கணும் என்று வேண்டுவார். சாயங்காலம் வேனை விட்டு இறங்கியதும், கிழங்குக்காகக் குளிரணும் என்று வேண்டுவார். சாமிக்கே தலை சுற்றியிருக்கும். ஆனாலும் சாமி இரண்டையும் கொடுத்ததுதான் எனக்கு ஆத்திரம். செடி மளமளவென்று வந்தது. மண் அணைத்தார், ஈரச் சாக்கில் நிழல் கட்டினார். மார்கழியில் பூத்தே விட்டது.

என் மனைவி செல்வி காலையில் காபிகூடப் போடாமல் அங்கே ஓடினாள்.

"ஏங்க, அண்ணாச்சி செடி பூத்திருக்கே, பாத்தீகளா? வெள்ளையும் ஊதாவுமா என்னா அழகு!"

"நம்ம கத்திரியும் ஊதாவாத்தான் பூத்திருக்கு."

"அது என்னைக்கும் பூக்கிறதுதான?"

அந்த ஒரு வார்த்தை போதும். நேரே ராவுத்தர் டீக்கடைக்குப் போனேன். அங்கேயும் அதே பேச்சு. போர்மேன் பெரிய ஆளுப்பா, கரிசல்ல உருளைக்கிழங்கு போட்டுட்டாரே என்று ஆளுக்கு ஆள் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். எனக்கு டீ இறங்கவில்லை.

"பூத்துட்டா ஆச்சா? மண்ணுக்குள்ள ஒத்தக் கெழங்கு இருந்தா, ஒருபக்க மீசைய எடுத்துட்டு பஜார்ல நடக்கேன்!" என்று கத்திவிட்டேன்.

ராவுத்தர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார். "யோசிச்சுப் பேசுங்க தம்பி. தை கடைசில உங்க மச்சினன் கல்யாணம் இருக்குல்ல?"

சுத்தமாக மறந்துபோயிருந்தேன். சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க முடியுமா? பொழுது சாய்வதற்குள் தெருவே சிரித்தது. செல்வி மட்டும் சிரிக்கவில்லை. "அரை மீசையோட எந்தம்பி கல்யாணத்துல வந்து நின்னீக, இந்தாளு யாருன்னே தெரியாதுன்னு சொல்லிருவேன்" என்றவள், முந்தானையில் மூக்கைச் சிந்தினாள். அன்றிலிருந்து நான் தினமும் கண்ணாடியில் மீசையைத்தான் பார்த்தேன்.

கல்யாணத்துக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை. இலை பழுத்துத் தலை சாய்ந்துவிட்டது. தோண்டியே ஆக வேண்டும். விதிப்படி உள்ளே நாலே பேர்: அண்ணாச்சி, ராவுத்தர், நான், செல்வி. மற்ற கூட்டமெல்லாம் சுவர்மேல். மண்வெட்டி இரும்பு என்பதால் அண்ணாச்சி தேங்காய்ச் சிரட்டையால் மண்ணைச் சுரண்டினார். அப்புறம் அதையும் வைத்துவிட்டுக் கையை முழங்கை வரைக்கும் உள்ளே விட்டார். துழாவினார். அவர் முகம் ஒரு நொடி பளிச்சென்று மலர்ந்தது. செத்தோம் என்று நினைத்தேன்.

அண்ணாச்சி தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தார். நான் மீசையைக் கையால் பொத்தியிருந்தேன். செல்வி முகத்தையே பொத்தியிருந்தாள். அவர் கை மெதுவாக வெளியே வந்தது. வெறுங்கை.

"வேருதான் இருக்கு தம்பி."

அடுத்த செடியிலும் துழாவினார். "இங்கனயும் வேருதான். சூடு தாங்கல போல" என்று மண்ணைத் தள்ளி மூடிவிட்டார்.

சுவர்மேல் இருந்த கூட்டம் 'ஓ'வென்று கத்தியது. "போர்மேன் கெழங்கு புஸ்வாணம்!" என்று ஒருவன் ஆரம்பிக்க, தெருவே பாடியது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது யார் என்று கேட்கவே வேண்டாம். மச்சினன் கல்யாணத்தில் முழு மீசையை முறுக்கிவிட்டுக்கொண்டு, மாப்பிள்ளைக்குப் போட்டியாக எல்லா போட்டோவிலும் நின்றேன்.

கல்யாணம் முடிந்து வீடு திரும்பிய அன்று சாயங்காலம், அண்ணாச்சி ஒரு பட்டாசு கிப்ட் பாக்ஸோடு வந்தார். அதை மேசையில் மெதுவாக, சத்தம் வராமல் வைத்தார். திறந்தால், வரிசையாக அடுக்கிய உருளைக்கிழங்கு!

"மார்க்கெட்ல மலிவாக் கெடந்துச்சு. பொரியல் பண்ணிச் சாப்பிடுங்க. போட்டோல்லாம் நல்லா விழுந்திருக்கா தம்பி?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஒரு கிழங்கை எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்தேன். தோல் மெல்லிசாக உரிந்து வந்தது. மார்க்கெட்டில் நாட்கணக்கில் கிடந்த கிழங்குக்கு அப்படி உரியாது. அன்றைக்குத் தோண்டியதுதான் உரியும். கிழங்கின் கண்ணுக்குள் கரிசல் மண் ஈரமாக ஒட்டியிருந்தது. செல்வி என்னைப் பார்த்தாள்; அவள் கண்ணும் ஈரம். எனக்கு மறுபடியும் வயிறு எரிந்தது. சீச்சீ, என்ன மனுஷன்! கிழங்கு வளர்ப்பதில்தான் ஜெயித்தார் என்றால், பெரிய மனசிலும் இவரே ஜெயிப்பாரா? நான் எதில்தான் ஜெயிப்பது?

சட்டையை மாட்டிக்கொண்டு நேரே சலூனுக்குப் போனேன். அங்கிருந்து ஒருபக்க மீசையோடு பஜார் முழுக்க நடந்து, ராவுத்தர் கடையில் அந்தக் கிழங்கை வைத்தேன். "போர்மேன் வீட்டுக் கெழங்கு. எல்லாருக்கும் காட்டுங்க" என்றேன். கடையில் எழுந்த கூச்சலில் எதிர்ச் சாரிக் கடைக்காரர்கள் எல்லாம் ஓடி வந்துவிட்டார்கள்.

சேதி கேட்டு அண்ணாச்சி ஓடிவந்தார். செருப்புகூடப் போடவில்லை. என் தாடையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது.

"ஏலே கோட்டிக்காரா! கல்யாணம் முடிஞ்ச பெறகு எதுக்குலே இந்த வேல?"

அத்தனை வருடமும் தம்பி, வாங்க, போங்க என்று மரியாதையாகப் பேசிய மனிதர். அன்றைக்குத்தான் முதன்முதலாக என்னை ஏலே என்றார். இனி எப்போதும் அப்படியே கூப்பிடுங்க அண்ணாச்சி என்று சொல்ல நினைத்தேன். ஆனால் வாயில் வந்தது, "ராவுத்தரே, அண்ணாச்சிக்கு ஒரு டீ போடுங்க" என்பதுதான்.