சர்வருக்குக் கொடுத்த மெமோ

“அரை மணி நேரம் நிறுத்தணும், அரை மணி நேரம் நிறுத்தணும்னு மூணு வாரமா ஒரே பல்லவி! பொதுமக்கள் சேவையை நிறுத்தச் சொல்ல நீ யாரும்மா?”

இணை இயக்குநர் இப்படிக் கத்தியபோது, வெளியே கவுன்ட்டரில் ‘தேநீர் இடைவேளை’ பலகை ஒன்றரை மணி நேரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

எதிரே நின்றவள் பிறப்பு, இறப்புப் பதிவு அலுவலகத்தின் கம்ப்யூட்டர் அம்மா. ஊரில் பிறந்தவர், செத்தவர் அத்தனை பேரும் அவள் பார்த்துக்கொள்ளும் டேட்டாபேஸ் சர்வருக்குள் இருந்தார்கள். அந்த மென்பொருளில் ஓட்டை இருக்கிறதென்று செய்த கம்பெனியே ஒப்புக்கொண்டு, அடைக்க இலவசமாக ‘பேட்ச்’சும் அனுப்பியிருந்தது. அதைப் போட அரை மணி நேரமும் ஒரு கையெழுத்தும் வேண்டும்.

“சார், கூரியர்காரனைக்கூட யாருன்னு கேட்டுத்தான் கதவைத் திறக்கறோம். இது அப்படியில்ல. எங்கேயோ உட்கார்ந்து எவனோ உத்தரவு அனுப்பினா, யாரு என்னன்னு கேட்காம அப்படியே செஞ்சிடும்!”

இணை இயக்குநரின் முகம் சுண்டிப்போயிற்று.

“நான் சொல்லி இந்த ஆபீஸ்ல ஃபேன்கூடச் சுத்தறதில்ல. வெளியாள் சொன்னா இது செய்யுமா? குடுங்கய்யா இதுக்கு ஒரு மெமோ!”

தலைமை எழுத்தர் கொடுத்தார். ‘அந்நிய நபரின் உத்தரவுக்குக் கீழ்ப்படியும் இயல்பு தங்களிடம் காணப்படுவதால், தங்கள்மீது ஏன் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்குப் பதினைந்து நாள்களுக்குள் விளக்கம் அளிக்கவும்.’ ஒரு பிரதியைச் சர்வரின் நெற்றியில் ஒட்டினார். இன்னொன்றை ஸ்கேன் செய்து அதற்குள்ளேயே ஏற்றினார். சம்பந்தப்பட்டவருக்கு நகல் சேர வேண்டாமா?

“அதுக்குக் கை இருக்கா சார், பதில் எழுத?”

“விசாரணையில இருக்கற ஊழியர்மேல கை வைக்க விதியில்லம்மா. பதில் வர்றவரைக்கும் தொடாதே” என்றார் தலைமை எழுத்தர்.

பதினான்காம் நாள் பிரின்டர் தானாகக் கிளம்பி ஒரு தாளைத் துப்பியது. ‘பொருள்: விளக்கம் சமர்ப்பித்தல். பார்வை: தங்கள் மெமோ.’ குற்றச்சாட்டு அடியோடு மறுக்கப்பட்டிருந்தது.

கம்ப்யூட்டர் அம்மா தாளைப் பிடுங்கிப் படித்தாள். “சார், எவனோ உள்ள வந்துட்டான்!”

“எவனா இருந்தா என்ன? ஓரம் விட்டு, பொருள் போட்டு, கெடுவுக்கு ஒரு நாள் முன்னாடியே பதில். இந்த ஆபீஸ்ல வேற எவன் குடுத்திருக்கான்?”

இணை இயக்குநர் மெமோவை ரத்து செய்தார்.

பிரின்டர் மறுபடி கிளம்பியது. இம்முறை முத்திரையோடு மேலிடத்து உத்தரவு. தலைமை எழுத்தர் விரல் வைத்த இடத்தில் இணை இயக்குநர் கையெழுத்திட்டார். பியூன் பதிவேட்டில் ஏற்றினார். யாரு என்னன்னு ஒருத்தரும் கேட்கவில்லை. கம்ப்யூட்டர் அம்மாவும் பதினெட்டு வருஷப் பழக்கத்தில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று கையெழுத்திட்ட பிறகுதான் படித்தாள். இன்று மாலை முதல் அவள் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறாள். அவள் பொறுப்பைச் சர்வரே கூடுதலாகக் கவனிக்கும்.

இணை இயக்குநர் பேனாவை மூடிக்கொண்டிருந்தார். ஐந்து வாரமாகக் காத்திருக்கும், பேட்ச் போட அனுமதி கேட்ட தன் ஒற்றைத் தாளை அவள் மேஜைமேல் நகர்த்தினாள்.

“சார், மூடறதுக்கு முன்னாடி... இதுலயும் ஒண்ணு.”