ஞாயிற்றுக்கிழமை எகிப்து

நமச்சிவாயம் தம்முடைய ஐம்பத்திரண்டாவது வயதில் எகிப்து படிக்கத் தீர்மானித்தார். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் அந்த வயதுக்காரர்கள் சர்க்கரைக்கு மாத்திரை போடத் தீர்மானிப்பார்கள். அதை அவர் நாற்பத்தாறிலேயே முடித்துவிட்டார்.

தீர்மானத்துக்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, வெளியே சொல்லக்கூடியது. ஐயாயிரம் வருஷத்துக்கு முன்பே துணி நெய்து, கோயில் கட்டி, வரிசையாக ராஜாக்களை வைத்துப் பெயரெழுதிக்கொண்ட ஒரு நாட்டைப் பற்றிக் காஞ்சிபுரத்து நெசவாளி ஒருவன் தெரிந்துகொள்ளாமல் இருப்பது அழகல்ல. இரண்டாவது, வெளியே சொல்லக்கூடாதது. அதற்குப் பெயர் ராமராஜன்.

ராமராஜன் அவருடைய மனைவி ஏலவார்குழலியின் தம்பி. வாலாஜாபாத்தில் அரிசி மில் வைத்திருக்கிறான். மூன்று வருஷமாக அங்கே ஒரு வீடு கட்டுகிறான். மாடிப்படி இதுவரை மூன்று முறை திசை மாறியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைதோறும் அக்காளும் மாமாவும் வந்து நின்றால்தான் அவனுக்கு வேலை ஓடும். நிற்பது என்றால் சும்மா நிற்பதல்ல. சுவருக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். கம்பி கட்டுகிறவர் தூங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நாலாவது திசை எது என்று ராமராஜன் யோசிக்கும்போது கூட இருந்து தலையாட்ட வேண்டும். ஆறு நாள் தறிக்குழியில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தவருக்கு ஏழாம் நாள் வெயிலில் நிற்க வேண்டியிருந்தது. அந்த ஒரு நாளை மீட்க அவர் எதையும் படிக்கத் தயாராக இருந்தார். எகிப்து கிடைத்தது அவருடைய அதிர்ஷ்டம்.

சென்னையைச் சேர்ந்த சுகாசினி என்ற ஆசிரியை, வீட்டிலிருந்தபடியே பண்டைய எகிப்தைத் தமிழில் படிக்க இலவச வகுப்பு நடத்துவதாகப் பேப்பரில் போட்டிருந்தது. பன்னிரண்டு வாரம். ஞாயிறு காலை பத்து முதல் ஒன்று வரை. நமச்சிவாயம் அந்தச் செய்தியில் 'ஞாயிறு' என்ற சொல்லை மட்டும் மூன்று முறை வாசித்தார்.

“குழலி, நான் ஒரு முடிவு பண்ணியிருக்கேன்.”

ஏலவார்குழலி நிமிரவில்லை. தார்க்குச்சியில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“சொல்லுங்க.”

“எகிப்து படிக்கப் போறேன்.”

“எங்க போயி?”

“எங்கியும் போறதில்ல. வூட்லயேதான். ஃபோன்ல பாடம் எடுக்கறாங்க. ஞாயித்துக்கிழமை.”

“ஞாயித்துக்கிழமையா?”

“அவங்க வெச்ச நாளு. அதுக்கு நான் இன்னா பண்றது?”

“ராமராஜன் கேப்பானே.”

“படிப்புன்னு சொல்லு. படிப்புன்னா நம்ம ஊர்ல எமனே வாசல்ல நிப்பான்.”

“எத்தினி வாரம்?”

“பன்னெண்டு. நடுவுல ஒரு வாரம் வுட்டாலும் ராஜாங்க வரிசை மாறிடும்.”

அவள் இழையைத் திரித்து முடிச்சுப் போட்டாள்.

“நல்லதுதாங்க. படிங்க.”

நமச்சிவாயம் இந்தச் சண்டைக்காக நாலு வாதங்களைத் தயாரித்து வைத்திருந்தார். நாலும் வீணாயின. சம்மதம் இவ்வளவு மலிவாகக் கிடைத்தால் ஒரு புருஷன் சற்று யோசிக்க வேண்டும். அவர் காப்பி கேட்டார்.

வகுப்பில் சேர ஒரு படிவம் இருந்தது. அவரிடம் இருப்பது பட்டன் ஃபோன். பெங்களூரில் இருக்கும் மகள் காயத்ரி வாங்கித் தந்த பெரிய ஃபோன் ஏலவார்குழலியிடம் இருந்தது. தவிரவும், படிவம் நிரப்புவது குமாஸ்தா வேலை என்பது அவர் கட்சி.

“பேரு, ஊரு, எதுக்குப் படிக்கறீங்க, அது இதுன்னு கேப்பான். நீயே பூர்த்தி பண்ணிடு.”

“நானே பண்ணிடறேன்,” என்றாள்.

பாடம் தொடங்கியது. ஃபோனைத் தறிக்காலில் சாய்த்து வைத்து, இருவரும் எதிரே பாய் போட்டு உட்கார்ந்தார்கள். அவர் நோட்டில் குறிப்பு எடுத்தார். அவள் கீரை ஆய்ந்தாள். இரண்டாவது வாரம் கூஃபு மன்னனின் பெரிய பிரமிடு வந்தது. இருபத்துச் சொச்சம் வருஷத்தில் கட்டி முடித்தான் என்று கேட்டதும் நமச்சிவாயம் உள்ளுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். ராமராஜன் கையில் கொடுத்திருந்தால் அது இன்னும் அஸ்திவாரத்தில் இருக்கும்.

திங்கள் முதல் சனி வரை அவர் வாத்தியார். அதற்கு வசதியாக அவர் நெய்வது கோர்வைப் புடவை. புடவையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். குறுக்கிழையை இழுத்துப் போகும் நாடா மூன்று ஓட வேண்டும். இரண்டை அவர் எறிவார். வலக் கரைக்கான மூன்றாவது நாடாவை அவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்து ஏலவார்குழலி எறிவாள். முப்பது வருஷமாக அப்படித்தான். எழுந்துபோக முடியாத ஒரு மாணவியும், நிறுத்தத் தெரியாத ஒரு வாத்தியாரும்.

“கோயில் கருவறைய விடியக்காலைல குருக்கள் தெறப்பாரு. சாமிக்கு அலங்காரம் பண்ணி, புதுத் துணி சாத்தி, நைவேத்யம் வெப்பாரு. எங்கன்னு நெனைக்கற? எகிப்துல.”

“இதுக்கு எகிப்து இன்னாத்துக்கு? ஏகாம்பரநாதர் கோயிலுக்கு ஆறு மணிக்குப் போனா தெரியுது.”

“திருவிழாவுல சாமியப் படகுல வெச்சுத் தோள்ல தூக்கினு போவாங்க.”

“தண்ணிலயா?”

“தரையில. படகே பல்லக்கு மாதிரி.”

நாடா இரண்டு முறை போய் வந்தது.

“அப்போ முன்னாடி தூக்கறவனும் பின்னாடி தூக்கறவனும் ஒரே உயரம் இருந்தாவணும். இல்லன்னா சாமி சாயும். நம்ம ஊர்ல அத, தூக்கற ஸ்ரீபாதம் தாங்கிங்களே பாத்து நிறுத்திப்பாங்க. அங்க யாருங்க பாத்தது?”

நமச்சிவாயத்துக்குத் தெரியவில்லை. நல்ல வாத்தியார்கள் தெரியவில்லை என்று சொல்வதில்லை. “அது அடுத்த வாரம் வருது,” என்றார். பிறகு, “எதுக்கும் நீ அதக் கேள்வியா அனுப்பி வை,” என்றார். அடுத்த வாரம் சுகாசினி அந்தக் கேள்வியை வகுப்பில் வாசித்து, “காஞ்சிபுரத்துலேர்ந்து வந்திருக்கு, இத்தனை வருஷத்துல என்னை யாரும் இதைக் கேட்டதில்லை,” என்றார். நமச்சிவாயம் நோட்டை மூடிவிட்டு மீசையைத் தடவினார்.

வாராவாரம் நாலு கேள்விக்குப் பதில் எழுதி அனுப்ப வேண்டும். அவர் தறியில் இருந்தபடி சொல்லுவார். அவள் மத்தியானம் ஃபோனில் தட்டி அனுப்புவாள். ஞாயிறன்று ஆசிரியை காஞ்சிபுரத்துப் பதிலை எடுத்துப் படிக்கும்போது அவர் சொன்னதைவிட அது நன்றாக இருக்கும். அவர் சொல்லாத சில விஷயங்களும் அதில் இருக்கும். டீச்சர் பெருந்தன்மையாகத் திருத்திப் படிக்கிறார் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

விளையாட்டாகத் தொடங்கிய படிப்பு நடுவில் அவரை நிஜமாகவே பிடித்துக்கொண்டது என்பதைச் சொல்லாமல் விட்டால் அவருக்கு அநியாயம் செய்ததாகும். இறந்தவனின் இதயத்தைத் தராசில் வைத்து, எதிர்த்தட்டில் ஓர் இறகை வைத்து நிறுப்பார்கள் என்று கேட்ட அன்று அவர் மத்தியானச் சாப்பாட்டில் இரண்டாம் முறை சோறு கேட்கவில்லை. ஹாட்செப்சுட் என்ற அரசி ராஜாவாகவே முடிசூடி, சிலையில் பொய்த்தாடி வைத்துக்கொண்டதைத் தறியில் விவரித்தபோது தம்மையே மறந்துபோனார்.

“நாடாவ நிறுத்துங்க.”

“இன்னும் முடிக்கல. அந்தம்மா கடல் தாண்டிக் கப்பல் அனுப்பிச்சு...”

“அனுப்பட்டும். இங்க மயிலுக்கு ஒரு காலு இல்ல.”

பார்த்தார். பேச்சு வேகத்தில், உருவம் எடுக்கும் ஜக்கார்டில் ஓர் அட்டை தவறி, கரையில் நின்ற மயில் ஒற்றைக் காலில் தவம் செய்துகொண்டிருந்தது. இருவருமாக முக்கால் மணி நேரம் இழை பிரித்தார்கள். பிரிக்கும்போது அவள் திட்டவில்லை. வேறொன்று கேட்டாள்.

“அவங்க துணி எவ்ளோ நைஸா இருக்கும்?”

“ஆளிச் செடி நாருல செய்யற லினன். ரொம்ப ஒசத்தில ஒரு சென்டிமீட்டருக்கு அறுபது இழைக்கு மேல இருந்திருக்குது.”

அவள் விரல் நின்றது.

“கையாலயா? கையால நூத்தா?”

“கையாலதான்.”

அவள் கட்டைவிரல் நகத்தால் கரையின் இழைகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்பதை நமச்சிவாயம் கண்டார். இவளுக்கு இவ்வளவு பிடித்திருக்கிறதே என்று ஒரு கணம் தோன்றியது. எல்லாம் தம்முடைய போதனையின் பலன் என்று அடுத்த கணம் தோன்றியது.

பதினோராவது வாரம் ராமராஜனிடமிருந்து ஃபோன் வந்தது.

“மாமா, வர்ற ஞாயித்துக்கிழமை மேல்தளம் காங்கிரீட். ஐயரக் கேட்டு நாள் வெச்சாச்சு. மொத சட்டி நீங்கதான் கொட்டணும்.”

நமச்சிவாயம் இந்த நிமிஷத்துக்காகவே எகிப்து படித்தார் எனலாம். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அடடா. அன்னிக்கிப் பரீட்சையாச்சே மச்சான்.”

“பரீட்சையா?”

“வாய்மொழிப் பரீட்சை. பன்னெண்டு வார உழைப்பு. எனக்கும் மனசு கேக்கல. ஆனா இன்னா பண்றது?”

“பரவால்ல மாமா. படிப்ப வுடாதீங்க,” என்றான் ராமராஜன். இதுவும் மலிவாகத்தான் கிடைத்தது. இந்த முறையும் அவர் காப்பி கேட்டார்.

பரீட்சையன்று காலை எட்டு மணிக்கே ஒவ்வொருவராகக் கூப்பிடுவார்கள். முதல் ஆள் காஞ்சிபுரம். நமச்சிவாயம் குளித்து, திருநீறு பூசி, சலவை வேட்டி கட்டி, ஃபோனுக்கு முன்னால் உட்கார்ந்தார். சுகாசினியின் முகம் வந்தது.

“வணக்கம் சார். ஏலவார்குழலி அம்மா ரெடியா?”

“அவ உள்ள இருக்கா. நான் ரெடி.”

“அவங்களுக்குத்தானே சார் பரீட்சை?”

“மேடம், படிக்கறது நான்.”

ஆசிரியை எதிரே இருந்த தாளைப் பார்த்தார்.

“பேரு அவங்க பேருதான் இருக்கு. பதில் எல்லாம் அவங்க அனுப்பினது. ரெண்டு தடவை ஃபோன்லயும் பேசியிருக்கேனே. எதுக்குப் படிக்க விரும்பறீங்கன்னு படிவத்துல கேட்டிருந்தோம். 'முப்பது வருஷமாகக் கரையை மட்டும் நெய்கிறேன், கொஞ்சம் உள்ளேயும் பார்க்க வேண்டும்'னு எழுதியிருந்தாங்க. அதை நான் என் மேஜை மேல ஒட்டி வெச்சிருக்கேன் சார்.”

நமச்சிவாயம் வாயைத் திறந்தார். அதற்குள் சுகாசினி தொடர்ந்தார்.

“உங்களைப் பத்தியும் சொன்னாங்க. பொண்டாட்டி படிக்கணும்னு ஞாயித்துக்கிழமை வேலையெல்லாம் விட்டுட்டுக் கூடவே உக்கார்றீங்களாமே. வாரம் முழுக்கப் பாடத்தைத் திருப்பிச் சொல்லிக் குடுக்கறீங்களாமே. உங்களை மாதிரி ஒருத்தரை நான் பார்த்ததில்லை. கிளாஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன்.”

இந்த இடத்தில் உண்மையைச் சொல்லலாம். சொன்னால் ஞாயிற்றுக்கிழமைகளுக்கு ஆசைப்பட்டு வந்தவன் என்றாகும். சொல்லாவிட்டால் உத்தமப் புருஷன். புகழை மறுக்கும் பழக்கம் நமச்சிவாயத்துக்கு என்றைக்கும் இருந்ததில்லை.

“என்னால முடிஞ்சது மேடம்,” என்றார்.

ஏலவார்குழலி மாம்பழ நிறப் புடவையில், தலை வாரி, பூ வைத்து வந்து நின்றாள்.

“கொஞ்சம் தள்ளுங்க.”

தள்ளினார். “நான் பக்கத்துலயே உக்காந்துக்கறேன். ஒரு தைரியத்துக்கு,” என்றார்.

“பரீட்சை அறையில வேற யாரும் இருக்கக் கூடாது சார். எல்லாருக்கும் அதே விதிதான்,” என்றார் சுகாசினி.

நமச்சிவாயம் கதவுக்கு வெளியே போய் நின்றார். கோபப்பட வேண்டும் என்றுதான் நின்றார். உள்ளே ஆசிரியை ஒரு படத்தைக் காட்டினார். நாலாயிரம் வருஷத்துக்கு முந்திய கல்லறை ஒன்றில் கிடைத்த மரப் பொம்மை. ஒரு சின்ன அறை, உள்ளே நெசவு செய்யும் பெண்கள்.

“சுவர் பக்கமா நிக்கறவங்க என்ன பண்றாங்கம்மா?”

“பாவு ஓட்டறாங்க மேடம். சுவத்துல முளை அடிச்சிருக்குது பாருங்க. நூல அதுல மாத்தி மாத்திப் போட்டு நீளம் எடுக்கறாங்க. இழை குறுக்க மறுக்க வந்தாத்தான் அப்புறம் சிக்காது. அந்த ஓரத்துப் பொண்ணுக்குக் கை வலிக்குது.”

“அது எப்படித் தெரியும்?”

“தோளத் தூக்கி வெச்சிருக்கா. ரொம்ப நேரமா நிக்கறா. செஞ்சவனும் அதப் பாத்துட்டுத்தான் செஞ்சிருக்கான். பாக்காதவனுக்கு அந்தத் தோளு வராது.”

நமச்சிவாயம் அந்தப் படத்தை, வகுப்பிலிருந்து தபாலில் வந்த புத்தகத்தில் பத்துத் தடவையாவது பார்த்திருப்பார். பொம்மைகளை எண்ணியிருக்கிறார், நோட்டில் எழுதியும் வைத்திருக்கிறார். தோளைப் பார்க்கவில்லை. தெருவில் போகிற யாரையாவது நிறுத்தி, உள்ளே பேசுவது யார் தெரியுமா என்று கேட்க வேண்டும் போலிருந்தது. யாரும் போகவில்லை.

ஏலவார்குழலி கதவை ஒரு சாண் திறந்து எட்டிப் பார்த்தாள்.

“டீச்சர் அடுத்த படம் தேடறாங்க. நீங்க இங்க நின்னு இன்னா பண்றீங்க? எட்டே முக்காலுக்கு வாலாஜாபாத் பஸ் இருக்குது.”

“ராமராஜன்கிட்ட பரீட்சைன்னு சொல்லிட்டேனே.”

“யாருக்குன்னு நீங்க சொல்லலியாம். நான் சொல்லிட்டேன்.”

“சரி, இந்த ஒரு வாரம் போறேன். அப்புறம்தான் வகுப்பு முடிஞ்சுதே, நீயும் வந்துடுவ.”

“அடுத்தது மெசபடோமியா. இருபது வாரம். பேரு குடுத்துட்டேன்.” கதவு சாத்திக்கொண்டது.

சலவை வேட்டியோடு அவர் வாலாஜாபாத்தில் இறங்கியபோது கலவை இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது. இவரைக் காணாததால் முதல் சட்டி இன்னும் விழவில்லை. ராமராஜன் சிரித்துக்கொண்டே வந்து ஓர் அட்டைப் பெட்டியை நீட்டினான். உள்ளே ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ்.

“போட்டுப் பாருங்க மாமா. காங்கிரீட் அன்னிக்கி நீங்க மட்டும்தான் வருவீங்க, வேட்டி கட்டிக்கினு வருவீங்கன்னு அக்கா மூணு மாசத்துக்கு முன்னாடியே அளவு சொல்லிடுச்சு.”